பாட்டிலில் வரும் மரபணு பப்பாளிக்குள் ஏறாது

கேள்வி: வணக்கம் ஐயா. நிபோங் திபாலில் 300 எக்சோத்திகா பப்பாளி போட்டிருக்கிறேன். மழை பிடித்ததிலிருந்து 40 மரம் கொண்டை அழுகிப் போய்விட்டது. மருந்துக்கடைக்காரர் 180 ரிங்கிட்டுக்கு ஒரு பாட்டில் தருகிறார். அதில் உள்ள பாக்டீரியா, பிளாஸ்மிட் என்ற தன் சிறு டிஎன்ஏ வளையம் வழியாக எதிர்ப்பு மரபணுவை மரத்துக்குள் கொண்டுபோகுமாம். ஹவாயில் இப்படித்தான் பப்பாளியைக் காப்பாற்றினார்களாம். வேரில் ஊற்ற எத்தனை மில்லி கலக்க வேண்டும்?

பதில்: ஒரு மில்லியும் வேண்டாம் தம்பி. வாங்கியிருந்தால் பில்லோடு திருப்பிக் கொடுங்கள்.

அவர் சொன்னதில் பாதி உண்மை இருப்பதால்தான் அது விலைபோகிறது. அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியா, செடியின் காயத்தில் ஒட்டிக்கொண்டு தன் டிஐ பிளாஸ்மிட்டில் ஒரு துண்டைச் செடியின் செல்லுக்குள் அனுப்பும். அந்தத் துண்டில் கட்டி உண்டாக்கும் மரபணுக்களை நீக்கிவிட்டு, நமக்கு வேண்டியதை வைக்கலாம். ஆனால் அது ஆய்வுக்கூட வேலை. குப்பியில் வளர்த்த திசுவைப் பாக்டீரியாவோடு இரண்டு மூன்று நாள் வைத்து, செஃபோடாக்சிம் என்ற நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்துப் பாக்டீரியாவைக் கொன்று, கேனமைசின் என்ற இன்னொரு மருந்தைத் தாங்கிய, அதாவது மரபணு ஏறிய, செல்லிலிருந்து முழுச் செடியை எழுப்ப வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். வளர்ந்த மரத்தின் வேரில் ஊற்றினால், மிஞ்சிப்போனால் நாலு வேர்ச் செல்லில் ஏறும். கொண்டைக்கோ காய்க்கோ அது போய்ச் சேராது.

ஹவாயில் 1998இல் வந்த ரெயின்போ விதை, நுண்ணிய உலோகத் துகளில் டிஎன்ஏவைப் பூசித் திசுவுக்குள் சுட்டு உண்டாக்கிய வழியில் வந்தது. அதுவும் வளையப்புள்ளி வைரஸுக்குத்தான். இங்கே மலேசியாவில் 2007ஆம் ஆண்டு உயிரியல் பாதுகாப்புச் சட்டப்படி, மரபணு மாற்றிய உயிரியை வயலில் விட தேசிய வாரியத்தின் அனுமதி வேண்டும். பாட்டிலில் சொன்னது உண்மையென்றால் அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள், பொய்யென்றால் மோசடி. மரத்தை வந்து பார்க்காமல் மருந்து நீட்டும் கடையில் உரம் தவிர எதையும் வாங்காதீர்கள்.

நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டியது, இது என்ன நோய் என்று. வைரஸ் என்றால் காயில் வளையம் விழும், இலை சுருங்கும், மரம் நின்றுகொண்டே நோஞ்சானாகும். காம்பின் அடியில் எண்ணெய் பட்டதுபோல் ஈரத்திட்டு வந்து, நாற்றத்தோடு கொண்டை சரிந்தால் அது எர்வினியா மல்லோட்டிவோரா என்ற பாக்டீரியா. மழையில் 40 மரம் சரிந்ததைப் பார்த்தால் எனக்கு இதுதான் படுகிறது. காப்பர் தெளிப்பு நல்ல மரத்துக்கு மேற்பூச்சு மட்டுமே. உள்ளே போன பாக்டீரியாவை அது தொடாது.

உங்கள் தோட்டத்தில் நோயைச் சுமந்து போவது மழைத்தெறிப்பும், உங்கள் கத்தியும். மழையை நிறுத்த முடியாது, கத்தியை முடியும். இரண்டு கத்தி, ஒரு வாளி. குளோராக்ஸ் (துணி வெளுக்கும் திரவம்) ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு. ஒரு மரம் முடிந்ததும் கத்தியில் ஒட்டிய மரப்பாலைக் கழுவிவிட்டு வாளியில் போடுங்கள், அடுத்த மரத்துக்கு மற்றக் கத்தியை எடுங்கள். ஒரு நிமிடமாவது ஊற வேண்டும். பால் ஒட்டியபடி முக்கினால் பயனில்லை, குளோரின் பாலிலேயே தீர்ந்துவிடும். கரைசலைத் தினமும் புதிதாகக் கலக்குங்கள், கலங்கினால் அப்போதே மாற்றுங்கள். கத்தி துருப்பிடிக்கும், மாலையில் நல்ல தண்ணீரில் கழுவி எண்ணெய் தடவுங்கள். கையுறைக்கும் இதே கணக்கு. கூலிக்கு வருபவர் பக்கத்துத் தோட்டத்துக் கத்தியோடு வந்தால் வாசலிலேயே வாங்கி வாளியில் போடுங்கள். இதில் தயவு தாட்சண்யம் வேண்டாம்.

காய் பறிப்பதை நல்ல வரிசையில் தொடங்கி, நோய் வரிசையில் முடியுங்கள். சரிந்த 40ஐயும் வெயில் காய்ந்த நாளில் வெட்டி, சாக்கில் கட்டி, வரிசைக்கு வெளியே ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். இழுத்துக்கொண்டு போகாதீர்கள், வழியெல்லாம் சொட்டும். பக்கத்து மரங்களின் காம்படியை இரண்டு நாளுக்கு ஒருமுறை பாருங்கள். ஈரத்திட்டு தெரிந்த மரத்தை அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.