‘நைஸ்’ என்ற சொல்

அன்புள்ள ஐயா,

நான் சட்டக் கல்லூரி மாணவி. பழைய ஆங்கிலத் தீர்ப்பு ஒன்றில் ‘எ நைஸ் பாயின்ட் ஆஃப் லா’ என்ற தொடரைப் படித்தேன். சட்டப் பிரச்சினையில் இனிமைக்கு என்ன இடம்? அச்சொல்லுக்கு ஆதியில் ‘முட்டாள்’ என்பதே பொருள் என்கிறாள் என் தோழி. எதை எடுத்துக்கொள்வது?

அன்புள்ள மாணவிக்கு,

தோழி சொல்வது சரிதான். ஆனால் அந்தப் பொருள் உங்கள் தீர்ப்புக்குப் பொருந்தாது. அங்கே ‘நைஸ்’ என்றால் நுட்பமான என்று பொருள். இரு தரப்பிலும் வலுவான வாதம் இருக்க, மயிரிழை வேறுபாட்டில் முடிவு மாறிவிடக்கூடிய கேள்வி அது என்கிறார் நீதிபதி.

இச்சொல்லின் மூலம் லத்தீன் மொழியின் ‘நெஸ்கியுஸ்’, அதாவது அறியாதவன். ‘ஸ்கீரே’ என்றால் அறிதல். ‘சயின்ஸ்’ பிறந்ததும் அதே வேரிலிருந்துதான். பழைய பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தபோது அது மூடத்தனத்தையே குறித்தது. பின்னர் ஒழுக்கக்கேடான, நாணம் மிகுந்த என்று ஒன்றுக்கொன்று முரணான பொருள்களும் அதில் ஏறியதால், 16, 17ஆம் நூற்றாண்டு நூல்களில் சில இடங்களில் எப்பொருள் கொள்வது என்று அறிஞர்களே தயங்குகிறார்கள். எதிலும் எளிதில் திருப்தி அடையாதவரைக் குறித்த வழக்கு, நுணுகிப் பார்ப்பவரையும் அவர் காணும் நுண்ணிய வேறுபாட்டையும் குறிக்கலாயிற்று. ‘இனிய’ என்னும் பொருள் 18ஆம் நூற்றாண்டில்தான் வேரூன்றியது. மாவை ‘நைஸாக’ அரைக்கச் சொல்லும் நம் வீட்டு வழக்கு, இன்றைய ஆங்கிலப் பேச்சைவிட அந்த நுண்மைப் பொருளுக்கு நெருக்கமாக இருப்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

புதிய பொருள் பரவியபோது எதிர்ப்பும் இருந்தது. ஜேன் ஆஸ்டினின் ‘நார்த்தாங்கர் அபே’ நாவலில், ஒரு புத்தகத்தை ‘நைஸ்’ என்று புகழும் கேத்தரினை ஹென்றி டில்னி கேலி செய்கிறான். ஆதியில் இச்சொல் நேர்த்தி, நயம் போன்றவற்றை மட்டுமே குறித்திருக்கலாம் என்று விளக்கமும் தருகிறான். இன்னும் சில நூற்றாண்டுகள் பின்னே போயிருந்தால் அவனுக்கு மூடத்தனம்தான் கிடைத்திருக்கும். மூலப்பொருளே சரியான பொருள் என்று வாதிடுபவர்கள் பெரும்பாலும் தமக்கு வசதியான நூற்றாண்டில் நின்றுவிடுகிறார்கள் என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே வேரைத் தெரிந்துகொள்ளுங்கள்; பொருளை மட்டும் இடம் பார்த்து முடிவு செய்யுங்கள். ‘டிஸ்டிங்ஷன்’, ‘பாயின்ட்’, ‘கொஸ்சன்’ போன்ற சொற்களுக்கு முன்னால், அதுவும் தீர்ப்புரையில், ‘நைஸ்’ வந்தால் முதலில் நுட்பம் என்று வைத்துப் படித்துப் பாருங்கள்.