மூளையில் புழுக்கட்டி இருக்கும்போது ஸ்டீராய்டு கொடுக்கலாமா?

கேள்வி: தம்பிக்குத் திடீரென்று வலிப்பு வந்தது. எம்.ஆர்.ஐ. பார்த்துவிட்டு மூளையில் நாடாப்புழுவின் நீர்க்கட்டிகள் இருக்கின்றன என்றார்கள். புழு மாத்திரைக்கு முன்னாலேயே ஸ்டீராய்டு தொடங்கிவிட்டார்கள். ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் அல்லவா? அப்புறம் புழு எப்படிச் சாகும்? நாங்கள் பன்றி இறைச்சி தொட்டதே இல்லை, இது எப்படி வந்தது?

பதில்: நரம்பியல் நோயாளிகள் அதிகம் வரும் ஒரு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருக்கிறேன். இதே கேள்வியோடு சீட்டை நீட்டுகிறவர்கள் நிறையப் பேர். கேட்பவர்களைப் பற்றிக் கவலை இல்லை. ஒன்றும் கேட்காமல் ‘ஸ்டீராய்டு மட்டும் வேண்டாம், மற்றதைக் கொடுங்கள்’ என்பவர்களைப் பார்த்தால்தான் பயமாக இருக்கும்.

புழுவைக் கொல்ல அல்பெண்டசோல் இருக்கிறது. ஸ்டீராய்டு கொடுப்பது, புழு சாகும்போது மூளை வீங்காமல் இருக்க. இந்த நோயில் பாதிப்பின் பெரும்பங்கு நம் உடம்பே செய்வது. நீர்க்கட்டிக்குள் உயிரோடு இருக்கும் புழு, நம் எதிர்ப்புச் சக்தியின் கண்ணில் படாமல் அதை மட்டுப்படுத்தியே வைத்திருக்கும். இப்படிப் பல வருடம் எந்தத் தொந்தரவும் இல்லாமல் கிடக்கலாம். அது சாகத் தொடங்கி, உள்ளே இருப்பது வெளியே கசியும்போதுதான் உடம்பு விழித்துக்கொண்டு தாக்கும். கட்டியைச் சுற்றி அழற்சி, நீர்கோத்த வீக்கம், அதிலிருந்து வலிப்பு. கையிலோ காலிலோ வீங்கினால் தோல் கொஞ்சம் இடம் கொடுக்கும், மண்டை ஓட்டுக்குள் அந்த இடம் இல்லை. தம்பிக்கு வந்த வலிப்பேகூட, ஏதோ ஒரு கட்டி தானாகச் சாகத் தொடங்கியதன் விளைவாக இருக்கலாம்.

இந்த நிலையில் புழு மாத்திரையை மட்டும் கொடுத்தால், பல கட்டிகள் ஒரே வாரத்தில் சாகத் தொடங்கும். சிகிச்சை ஆரம்பித்த சில நாட்களிலேயே கடும் தலைவலி, வாந்தி, மறுபடி வலிப்பு என்று வருவது இதனால்தான். ‘மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை’ என்று வீட்டில் நினைப்பார்கள். உண்மையில் மாத்திரை வேலை செய்கிறது, வீக்கத்தை அடக்கத்தான் ஆள் இல்லை. ஆகவே டெக்சாமெத்தசோன் அல்லது பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை முதலில் தொடங்கி, அதற்குப் பின்னால் அல்பெண்டசோல் கொடுப்பது வழக்கம்.

இன்னொன்று. டெக்சாமெத்தசோன் அல்பெண்டசோலின் வேலையைக் கெடுப்பதில்லை. ரத்தத்தில் அதன் செயல்படும் வடிவத்தின் அளவைக் கூட்டவே செய்கிறது. உயிருள்ள கட்டிகள் இரண்டுக்கு மேல் இருந்தால் சேர்த்துக் கொடுக்கும் பிராசிகுவாண்டல் என்ற இன்னொரு புழு மருந்தின் விஷயத்தில் நேர்மாறு, அதன் அளவு குறையும். இதெல்லாம் தெரிந்துதான் மருத்துவர் அளவை எழுதுகிறார். பள்ளிகளில் குழந்தைகளுக்குத் தரும் அதே 400 மில்லிகிராம் குடற்புழு மாத்திரைதானே என்று அலட்சியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே ஒரே வேளை. இங்கே உடல் எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கில், தினமும் இரு வேளையாகப் பிரித்து, பொதுவாக 10 முதல் 14 நாட்கள். கொழுப்புள்ள சாப்பாட்டோடு சாப்பிட்டால் உடம்பில் நன்றாகச் சேரும்.

பெரு நாட்டில் இந்த நோய் அதிகம், நல்ல ஆய்வுகள் பலவும் அங்கிருந்துதான் வந்தன. 2004-ல் வெளியான ஓர் ஆய்வில் அல்பெண்டசோலும் டெக்சாமெத்தசோனும் சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு, உடம்பு முழுக்க வெட்டி இழுக்கும் வலிப்பு குறைந்தது. 2014-ல் வந்த இன்னொன்று, ஸ்டீராய்டைக் கூடுதல் அளவில் இன்னும் சில வாரம் நீட்டித்தால் சிகிச்சைக் காலத்திலும் அதை ஒட்டிய நாட்களிலும் வலிப்பு குறைவதைக் காட்டியது.

புழு மாத்திரையே கொடுக்கக் கூடாத நிலையும் உண்டு. ஏராளமான கட்டிகளோடு மூளை முழுக்க ஏற்கெனவே வீங்கியிருந்தால், ஸ்டீராய்டு கொடுத்து வீக்கத்தைத்தான் அடக்குவார்கள். புழுவின் மேல் கை வைக்க மாட்டார்கள். மூளைநீர் அடைபட்டிருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். கட்டி ஏற்கெனவே சுண்ணாம்புத் தழும்பாகிவிட்டால் கொல்வதற்கு அங்கே எதுவும் இல்லை. கண்ணுக்குள் ஒரு கட்டி இருந்து அது அங்கேயே செத்து அழற்சி வந்தால் பார்வை போகலாம். தம்பிக்குக் கண் பரிசோதனை எழுதியிருந்தால் ‘வலிப்புக்குக் கண் டாக்டர் எதற்கு’ என்று தள்ளிப்போடாமல் மாத்திரை தொடங்கும் முன்பே முடித்துவிடுங்கள்.

நம் பக்கத்துக் கதை ஒன்றும் இதில் உண்டு. வலிப்பு வந்தவர்களின் ஸ்கேனில் ஒற்றைச் சிறு கட்டி தெரிந்தால் அது டி.பி.தான் என்று எடுத்துக்கொண்டு, மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்த காலம் இந்தியாவில் இருந்தது. அவற்றில் பல டி.பி. அல்ல, சாகும் நிலையில் இருக்கும் புழுக்கட்டிகள் என்பதைத் திசுவை எடுத்துப் பார்த்து 1989-ல் வெளியிட்டவர்கள் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள்.

சரி, உங்கள் பயத்தில் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்ற குடற்புழு உள்ளே சத்தமில்லாமல் இருப்பவருக்கு நீண்ட நாள் ஸ்டீராய்டு கொடுத்தால், அந்தப் புழு கட்டுக்கடங்காமல் பெருகி உயிருக்கே உலை வைக்கும். மறைந்திருக்கும் டி.பி.யும் தலைதூக்கலாம், சர்க்கரை ஏறலாம். அதற்கான பரிசோதனைகளைப் பற்றி மருத்துவரிடம் தாராளமாகக் கேளுங்கள். மூளையைத் தாக்கும் மலேரியாவிலும் வீக்கத்தைக் குறைக்கலாம் என்று டெக்சாமெத்தசோனைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1982-ல் வெளியான தாய்லாந்து ஆய்வில் பலன் இல்லாததோடு, மயக்க நிலை நீண்டுதான் போனது. அழற்சியை அடக்குவது எல்லா ஒட்டுண்ணி நோய்க்கும் பொருந்தாது. உங்கள் தம்பியின் நோய்க்குப் பொருந்தும்.

வீட்டில் செய்ய வேண்டியது, ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தாமல் சீட்டில் எழுதியபடி படிப்படியாகக் குறைப்பது. வலிப்பு மாத்திரையும் அப்படித்தான், ‘இப்போது நன்றாக இருக்கிறான்’ என்பதற்காக விடக் கூடாது. நடுவில் தலைவலியோடு வாந்தி, தூங்கி வழிவது, மறுபடி வலிப்பு என்று எது வந்தாலும் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள், உடனே அழைத்துப் போங்கள்.

பன்றி இறைச்சி பற்றி: சரியாக வேகாத அந்த இறைச்சியைச் சாப்பிட்டால் வருவது குடலில் வளரும் நாடாப்புழு. மூளைக்குப் போவது, அப்படிப் புழு உள்ள ஒரு மனிதரின் மலத்தில் வெளியேறும் முட்டை. கழுவாத கை, தண்ணீர், பச்சைக் காய்கறி வழியாக அது சுத்த சைவர் வயிற்றுக்கும் போகும். வீட்டில் சேர்ந்து சாப்பிடுகிறவர்கள், சமைத்துத் தருகிறவர் உட்பட, எல்லாரும் ஒரு மலப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். யாருக்காவது குடலில் புழு இருந்தால் அதற்கு மருந்து எளிது.