பியார்னசோன் குடும்பப் பெயரா, அப்பா பெயரா?

கேள்வி: எங்கள் அலுவலகத்துக்கு ஐஸ்லாந்திலிருந்து எய்னர் பியார்னசோன் என்பவர் குடும்பத்தோடு வருகிறார். மனைவி பெயர் யோன்ஸ்டோட்டிர் என்றும் மகள் பெயர் எய்னர்ஸ்டோட்டிர் என்றும் முடிகிறது. பட்டியலில் பிழையா? கடிதத்தில் எப்படி விளிப்பது?

பதில்: பட்டியல் சரி. பியார்னசோன் குடும்பப் பெயரே அல்ல. 'பியார்னியின் மகன்' என்ற விவரம். நம் இன்ஷியல் செய்யும் வேலைதான், முழுச் சொல்லாக நிற்கிறது. டோட்டிர் என்றால் மகள். மனைவி யோன் என்பவரின் மகள். கல்யாணம் அதை மாற்றாது. குழந்தை எய்னரின் மகள். ஆக, மூன்று பேருக்கு மூன்று பெயர்.

அப்பா பெயரைக் கண்டுபிடிக்க 'சோன்' என்பதை வெட்டினால் போதும் என்று நினைப்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். மிஞ்சுவது 'பியார்ன', அப்படியொரு அப்பா கிடையாது. பியார்னி என்ற பெயர் ஆறாம் வேற்றுமையில் 'பியார்ன' ஆகிறது, நம் 'மரம்' கிளைக்கு முன்னால் 'மரத்து' ஆவதுபோல. யோன், எய்னர் போன்ற பெயர்கள் 'ஸ்' ஏற்கும். அதனால்தான் யோனின் மகன் பெயரை எழுதும்போது இரண்டு 'எஸ்' வரும்: ஒன்று வேற்றுமை உருபு, மற்றது 'சோன்' சொல்லின் முதலெழுத்து. டைப் செய்பவர்கள் ஒன்றை விழுங்கிவிடுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

'கரடியின் மகன்' என்று பொருள் சொல்பவர்களும் உண்டு. பியார்னி என்ற பெயர், கரடியைக் குறிக்கும் 'பியோர்ன்' என்பதிலிருந்து வந்தது உண்மை. ஆனால் பியோர்ன் தனிப் பெயர். அவர் மகன் பியோர்ன்சோன். சிலர் தாய் பெயரையும் வைத்துக்கொள்வார்கள்: கால்பந்து வீரர் ஹெய்தர் ஹெல்குசோன், ஹெல்காவின் மகன்.

கடிதத்தில் 'டியர் எய்னர்' என்றே தொடங்குங்கள். மரியாதைக் குறைவில்லை, அங்கே அதிபரையும் முதல் பெயரால்தான் குறிப்பிடுவார்கள், தொலைபேசிப் புத்தகம் அச்சில் வந்த காலத்தில் அதுவும் முதல் பெயர் வரிசைதான். டிக்கெட், விசா, ஓட்டல் பதிவில் மட்டும் பாஸ்போர்ட்டில் உள்ள சர்நேமை ஆளுக்கு ஆள் அப்படியே எழுதுங்கள். 'ஒரே குடும்பம்தானே' என்று மூவருக்கும் பியார்னசோன் போட்டால் விமான நிலையத்தில் சிக்கல்.

பிரியெம் போன்ற உண்மையான குடும்பப் பெயர்களும் ஐஸ்லாந்தில் கொஞ்சம் உண்டு. புதிதாகச் சூட்டிக்கொள்வதை 1925 சட்டம் தடுத்தது. கனடா கதை வேறு. 1875-இல் கிம்லி பக்கம் குடியேறியவர்களின் வழிவந்த பலரிடம் இந்தத் தந்தைப்பெயர் குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. பெண்களும் 'சோன்' என்றே முடிப்பார்கள். அங்கிருந்து வருபவரை 'மிஸ்டர் பியார்னசன்' என்று தாராளமாக அழைக்கலாம்.