1908இல் 38 ஹோம்ரன் வருவது ஏன்?

ஓஓடிபி (Out of the Park Baseball) என்ற பேஸ்பால் மேலாண்மைக் கணினி விளையாட்டில், 1908இல் நடக்கும் உங்கள் கற்பனை லீக்கில் ஒருவர் 38 ஹோம்ரன் அடித்துவிட்டார் என்கிறீர்கள். நிஜத்தில் அந்த வருடம் அமெரிக்கன் லீக்கில் முதலிடம் பிடித்த சாம் க்ராஃபோர்டே 7தான்! ஓஓடிபியில் ஆண்டை மட்டும் மாற்றினால் போதாது. லீக் டோட்டல்ஸ் (ஒரு சீசனில் லீக் முழுவதும் வர வேண்டிய ஹோம்ரன் போன்றவற்றின் மொத்தம்) இன்னும் இக்கால அளவிலேயே நிற்கிறது போல.

முதலில் சேவ் கோப்பை நகலெடுத்து வையுங்கள். சீசன் தொடங்கும் முன் லீக் அமைப்பில் 1908 மொத்தங்களை ஏற்றி, மாடிஃபையர்களை (ஆட்ட முடிவுகளை அந்த மொத்தங்களுக்கு ஏற்பச் சரிசெய்யும் எண்களை) தானாகக் கணக்கிடச் சொல்லுங்கள். பிறகு ஒரு சீசன் ஓட்டிப் பாருங்கள்.

வீரர்களின் பவர் ரேட்டிங்கை (ஹோம்ரன் அடிக்கும் திறனுக்கான மதிப்பெண்ணை) கையால் வெட்ட வேண்டாம். வீரர்களுக்கிடையே உள்ள வித்தியாசம்தான் அழியும். மொத்தம் மாறாதவரை அடுத்த கணக்கீட்டில் மாடிஃபையர் அதை ஈடுகட்டிவிடும்.

அப்படியே டிஎச் விதியையும் (பந்து வீசுபவருக்குப் பதிலாக வேறொருவர் மட்டை பிடிப்பது) அணைத்துவிடுங்கள், அது 1973இல் வந்தது. சீசனுக்கு ஓர் அணிக்கு ஆட்டங்கள் 154 என வையுங்கள்.