பக்கத்து வீட்டுப் பாட்டியின் கையில் காயம்: என்ன செய்யலாம்?

இரண்டு மேற்கைகளிலும் விரல் பதிந்த மாதிரி கன்றிப்போயிருக்கிறது, கேட்டால் "வழுக்கி விழுந்துட்டேன்" என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். விழுந்தால் பெரும்பாலும் முட்டி, முழங்கை, நெற்றியில்தான் அடிபடும். உதவித்தொகை எடுக்கும் ஏடிஎம் கார்டும் மகனிடம் இருக்கிறது என்கிறீர்கள். உங்கள் சந்தேகம் நியாயமானதுதான்.

முதலில் மகன் இல்லாத நேரமாகப் பார்த்துப் பேசுங்கள். என் பெரியம்மாவிடம் நாங்கள் எல்லார் முன்னாலும் கேட்டோம். அவர் மகன் முகத்தைப் பார்த்துவிட்டு வாயே திறக்கவில்லை. அந்தத் தவறு இன்னும் உறுத்துகிறது. "சாப்பிட்டீங்களா, ராத்திரி பயமில்லாமல் தூங்க முடியுதா" என்று தொடங்குங்கள். மகனை நேரில் தட்டிக் கேட்காதீர்கள். அந்தக் கோபம் பாட்டி மேல்தான் இறங்கும். பார்த்ததைத் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

அப்புறம் 14567. முதியோருக்கான கட்டணமில்லா எண், காலை 8 முதல் இரவு 8 வரை. அடி விழும் சத்தம் கேட்டால் யோசிக்காமல் 112.

வீட்டை மகனுக்கு எழுதிக்கொடுத்துவிட்டாரே என்றீர்கள். கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதியிருந்தால், 2007ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவில் அதை ரத்து செய்யக் கேட்கலாம். மனு கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்துக்குப் போகும். பாட்டியால் முடியாவிட்டால் அவர் சார்பில் பதிவு பெற்ற தொண்டு அமைப்பு ஒன்று கொடுக்கலாம். பத்திர நகல் கிடைக்குமா என்று பாருங்கள்.