குழைந்த சோறா, மென்மையான சோறா?

கேள்வி: தமிழ்ப்பள்ளியில் படிக்கும் என் பேத்தி, "பாட்டி எனக்கு மென்மையான சோற்றை ஊட்டினார்" என்று கட்டுரையில் எழுதியிருந்தாள். ஆசிரியர் அதைக் "குழைந்த சோறு" என்று திருத்தியிருக்கிறார். இரண்டும் ஒன்றுதானே? இளக்கம், நெகிழ்வு ஆகிய சொற்களும் அப்படித்தானா?
- வாசகி, சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டம்

பதில்: ஆசிரியர் திருத்தியது சரியே, அம்மா. மென்மை என்பது பெரும்பாலும் ஒரு பொருளின் இயல்பைக் குறிக்கும். பூவும் இறகும் குழந்தையின் கன்னமும் பிறப்பிலேயே மெல்லியவை. சோறோ, அரிசியாக இருந்தபோது பல்லுக்கு வளையாமல் இருந்து, நீரும் நெருப்பும் பட்ட பிறகே குழைகிறது. மலாய்க்காரர்களும் துணியை லெம்புட் என்பார்கள். குழைந்துபோன சோற்றை லெம்பிக் என்றுதான் சொல்வார்கள்.

திருக்குறளில் அனிச்சம் என்னும் ஒரே பூவைக் கொண்டு இந்த வேறுபாட்டைக் காணலாம். தன் காதலி அனிச்சத்தைவிட "மென்னீரள்" என்று தலைவன் புகழும் 1111ஆம் குறளில் பேசப்படுவது இயல்பு. "மோப்பக் குழையும் அனிச்சம்" என்னும் 90ஆம் குறளில் பேசப்படுவது, மூச்சுப் பட்டதால் அந்தப் பூவுக்கு நேர்ந்த வாட்டம்.

கெட்டியான பொருள் உறுதி தளர்வதே இளக்கம். வெல்லம் இளகும், தார் இளகும், வெயிலில் கிடந்த ரப்பர் ஷீட்டும் இளகும். ஆகவே ஒருவரை "மனம் இளகினார்" என்றால், அதற்கு முன்பு அவர் கல்நெஞ்சராக இருந்தார் என்பதும் அதில் அடங்கிவிடுகிறது. பாராட்டுரையில் இச்சொல்லைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். நெகிழ்தலில் அந்தக் குத்தல் இல்லை. அது கட்டோ பிடியோ தளர்வது. பிரிவால் மெலிந்த தலைவியின் கைவளை சங்கப் பாடல்களில் நெகிழ்கிறது.

மிருது வடசொல், துணிக்கும் தோலுக்கும் நன்றாகப் பொருந்தும். (மிருதங்கம் இதிலிருந்து பிறந்தது என்று எண்ணிவிட வேண்டாம்; அதிலுள்ள 'மிருத்' மண்ணைக் குறிப்பது.) நொய்மையில் மென்மையோடு வலுவின்மையும் சேர்ந்திருக்கிறது, கஞ்சிக்குப் போடும் உடைந்த அரிசியை நொய் என்கிறோம் அல்லவா?

மென்மை என்னும் சொல்லை விட்டுவிடப் பேத்திக்கு மனமில்லையென்றால், "பாட்டி குழைந்த சோற்றை மென்மையாக ஊட்டினார்" என்று எழுதச் சொல்லுங்கள். அப்போது அச்சொல் சோற்றை விட்டு உங்கள் கைக்கு வந்துவிடும். ஆசிரியரும் அதில் சிவப்பு மை வைக்க மாட்டார்.