மருத்துவபீடம் கிடைக்காத மகளின் அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

இரண்டாம் முறையும் மகளின் இசட் புள்ளி மருத்துவபீடத்துக்குக் காணாது என்று தொலைபேசியில் அழுதீர்கள். மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானத்தைப் பற்றி நான் சொன்னதும், “இரத்தம் குத்தி எடுக்கிற வேலைக்கா இவ்வளவு படிச்சவள்?” என்று கேட்டீர்கள். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

கண்புரை சத்திரசிகிச்சை செய்த ஒருவரை நினையுங்கள். பார்வை நன்றாக வந்துவிட்டது. சில மாதம் கழித்துக் கண் சிவந்து மங்குகிறது. ஸ்டீரொயிட் சொட்டு விட்டால் குறைகிறது, நிறுத்தினால் திரும்ப வருகிறது. வெறும் அழற்சி போலத்தான் தெரியும். ஆனால் சத்திரசிகிச்சையில் கண்ணுக்குள் வைத்த செயற்கை வில்லையோடு ஒட்டிக்கொண்டு கியூட்டிபக்டீரியம் ஆக்னெஸ் என்ற பக்டீரியா இருக்கலாம். நம் எல்லோருடைய தோலிலும் வாழ்வதுதான் அது. கண்ணுக்குள் போவது அரிது; போனால் கண்டுபிடிப்பது பெரும்பாடு. வைத்தியர் ஊசியால் எடுத்து அனுப்பும் திரவம் சில துளிதான். ஆய்வுகூடத்தில் இருப்பவர் வெளிக்கிருமி கலக்காமல் அதைக் கிருமி வளரும் சத்துக்கலவையான வளர்ப்பூடகங்களில் இட்டு, ஒட்சிசன் இல்லாத சூழலிலும் வைக்க வேண்டும். வேறு பல பக்டீரியாக்கள் இரண்டு நாளில் முளைத்துவிடும். இதற்கு 14 நாள் வரை பொறுக்க வேண்டும். ஐந்தாம் நாளே ‘கிருமி இல்லை’ என்று எழுதிவிட்டால், அந்த மனிதர் சொட்டு மருந்தோடேயே அலைவார்.

பசிலஸ் சீரியஸ் என்ற பக்டீரியா இதற்கு நேர்மாறு. அது மண்ணில் இருப்பது. தோட்டத்தில் மண்வெட்டி கல்லில் பட்டுத் தெறித்த இரும்புத்துண்டு கண்ணைத் துளைத்தால் கூடவே உள்ளே போகலாம். ஓரிரு நாளில் பார்வையைப் பறித்துவிடக்கூடியது. அப்போது வைத்தியர் ஆய்வு முடிவுக்குக் காத்திருக்க மாட்டார், கண்ணுக்குள் மருந்தை ஏற்றிவிடுவார். ஆனாலும் பக்டீரியாவை வகை பிரித்துக் காட்டும் கிராம் சாயமிட்டு, நுணுக்குக்காட்டியில் கோல் வடிவத்தைக் கண்டு முதல் தகவல் சொல்வது ஆய்வுகூடம்தான்.

சரி, படிப்புக்கு வருவோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலேயே இந்தப் பட்டப்படிப்பு இருக்கிறது, 4 வருடம். உயர்தர உயிரியல் பிரிவுப் பெறுபேற்றோடு விண்ணப்பிக்கலாம். மூன்றாம் முறை பரீட்சை எழுதவும் அவளுக்கு உரிமை உண்டு, நான் மறிக்கவில்லை. ஆனால் அது அவளுடைய ஆசையாக இருக்க வேண்டும் அம்மா. சொந்தக்காரர் என்ன சொல்வார்களோ என்று பயந்து ஒரு பிள்ளையை இன்னொரு வருடம் அறைக்குள் இருத்துவதை என்னால் ஏற்க முடியாது.

சனிக்கிழமை பின்னேரம் அவளையும் கூட்டி வாருங்கள். உயிரியல் செய்முறைக் கொப்பியையும் கொண்டுவரச் சொல்லுங்கள். நுணுக்குக்காட்டியில் கண்டதை எவ்வளவு பொறுமையாக வரைந்திருக்கிறாள் என்று பார்த்துவிட்டு, முதலில் அவளோடு பேசுகிறேன்.